முடியும்

அலமாரியின் கீழ்த்தட்டில் அவள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். மாற்றுத்துணி ஒரு செட் கொண்டுவந்தால்தான் கணவனின் உடம்பைத் தருவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாசலில் கார் காத்துக்கொண்டிருந்தது. டிரைவர் இரண்டு முறை இருமிப் பார்த்துவிட்டான்.

"வெள்ளச் சட்ட மேலயே இருக்கே," என்றாள் பின்னால் நின்ற நாத்தனார். "இன்டர்வியூவுக்கு நான் எடுத்துக் கொடுத்தது. ஒரே தடவதான் போட்டான்."

"அது வேண்டாம் அண்ணி."

"அதுல அழகா இருந்தான்டி."

"வேண்டாம்."

அவள் இழுத்தெடுத்தது ஒரு பழைய கட்டம் போட்ட சட்டை. வயலுக்குப் போட்டுப் போவது. தக்காளிச் செடியின் கறை எத்தனை துவைத்தாலும் போகாது. கைப்பக்கம் முழுக்க பச்சையும் கருப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவளே அதை வாங்கி மடித்து, பையில் வைத்து, டிரைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாத்தனாரை ஊரில் வகுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து சமுதாயக் கூடத்தில் சாயங்கால வகுப்பு நடத்துபவள். வீட்டு வரவு செலவை எப்படிப் பார்ப்பது, விவசாயத்தை எப்படித் தொழிலாக நடத்துவது, வேலைக்குப் போகிறவன் என்ன கற்றுக்கொண்டு போக வேண்டும், எல்லாம் அங்கே சொல்லித் தருவாள். வகுப்பால் உருப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. தையல்காரி ஒருத்தி சொந்தமாகக் கடை போட்டாள். வாங்கின கூலியை வழியிலேயே தொலைத்துவிட்டு வரும் லாரிக்காரர் ஒருவர் வீட்டுக்கு ஒழுங்காக அரிசி வாங்கிப் போட ஆரம்பித்தார். பொய் சொல்லக்கூடாது.

போன வருஷம் ஒருநாள் வகுப்பில் உதாரணம் காட்ட அவளுக்கு ஒரு வயல் தேவைப்பட்டது. தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் வயலையே எடுத்துக் கரும்பலகையில் போட்டாள். விதை, உரம், மருந்து, வண்டி வாடகை. எல்லாம் போக மிச்சம் கொஞ்சம் நின்றது. அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை.

"எல்லாம் சரி, உன் கூலி எங்க?" என்று கேட்டாள் அக்கா.

"என் நிலத்துல எனக்கு யாருக்கா கூலி தருவா?"

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே அவன் கூலியையும் செலவில் சேர்த்து எழுதினாள். மிச்சம் காணாமல் போனது.

"பாத்தியா? நீ உழைக்கிற உழைப்பச் சும்மா தூக்கிக் கொடுத்துட்டிருக்க."

அன்று வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போதுதான் சொன்னான்: "அக்கா போட்டா சரியாத்தான் இருக்கும்."

மாசச் சம்பளம் என்று கேட்டபோது அவன் மனைவிக்கும் இனிக்கத்தான் செய்தது. மழை பெய்தால் ஒரு கவலை, பெய்யாவிட்டால் ஒரு கவலை என்று எத்தனை நாள்தான் ஓட்டுவது? வயல் பக்கத்து நிலத்துக்காரரிடம் குத்தகைக்குப் போனது. அவன் வேலைக்குத் தயார்செய்யும் வகுப்பில் சேர்ந்தான்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சமையலறையிலேயே ஒத்திகை நடந்தது. அவள் கரண்டியோடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு மேனேஜர் ஆனாள். அவன் கதவருகே நின்றான்.

"பாரம் தூக்க முடியுமா?"

"பார்க்கலாம் சார். எவ்ளோ வெயிட்டுன்னு..."

"ராத்திரி ஷிப்ட் பாக்க முடியுமா?"

"வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு..."

அவள் கரண்டியால் மேஜையைத் தட்டினாள். "பார்க்கலாமாம், கேட்டுட்டாம். அண்ணி என்ன சொன்னாங்க? எதக் கேட்டாலும் யோசிக்காம முடியும்னு சொல்லணும். நீ யோசிக்கிறதுக்குள்ள அவன் அடுத்தாளக் கூப்பிட்டுருவான்."

அரைமணி நேரத்தில் தேறிவிட்டான்.

"சமைக்க முடியுமா?"

"முடியும் சார்."

"பாத்திரம் கழுவ?"

"முடியும் சார்."

"பொண்டாட்டிய விட்டுட்டு ஒருநாள் இருக்க முடியுமா?"

"முடி..." என்று பாதியில் நிறுத்தினான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. சரக்கை இறக்கி, அடுக்கி, எடுத்துக் கொடுக்கும் வேலை. கூரையில் ஏறுவது அந்த வேலையில் சேர்ந்ததல்ல.

மதியம் உடம்பு வந்தது. ஊர்க்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். குத்தகைக்காரர் மட்டும் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றார். இந்த வருஷம் தக்காளிக்கு ஒருபோதும் இல்லாத விலை. அவரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

கிடங்கிலிருந்து வேனில் பத்துப் பதினைந்து பேர் வந்து இறங்கினார்கள். சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிற ஒருவன், அவன் வயதுதான் இருக்கும், உடம்பின் காலடியில் உட்கார்ந்து விசும்பினான்.

"முடியும் போயிட்டாரே. நம்ம முடியும் போயிட்டாரே."

அவளுக்குப் புரியவில்லை. "யாரு?" என்று கேட்டாள்.

"இவர்தாங்க. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். எது சொன்னாலும் முடியும்னுதான் சொல்வாரு. பாதிப் பேருக்கு அவரு நெஜப் பேரே தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கூர ஒழுகி மூட்டையெல்லாம் நனையுது. ரிப்பேர்க்காரன் வரல. சூப்பர்வைசர் அண்ணாந்து பாத்துக்கிட்டே, யாராவது ஏற முடியுமான்னு கேட்டாரு. நாங்கல்லாம் குனிஞ்சுக்கிட்டோம்."

அவள் கணவன்தான் ஏறியிருக்கிறான். மேலே வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் தகடு, மனிதன் கால் வைத்தால் தாங்காது என்பதை ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவள் நிமிர்ந்தபோது எதிரே சுவரோரம் நாத்தனார் நின்றிருந்தாள். ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் அவளிடம் வந்து கைகட்டி நின்றார். கெட்டவராகத் தெரியவில்லை. குரல் உண்மையாகவே கம்மியிருந்தது.

"உங்க சென்டர்லருந்து வந்தவங்கள்லயே இவர்தான் பெஸ்ட் மேடம். முடியாதுங்கிற வார்த்தையே வாயில வராது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த நேரத்துல கேக்கக்கூடாது. ஆனா சீசன் பாருங்க, ஆள் பத்தல. அடுத்த பேட்ச்ல யாராவது இருந்தா..."

"பார்க்கலாம்," என்றாள் வகுப்பக்கா.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வீட்டைப் பெருக்கிவிட்டு, ஒவ்வொருவராகப் போனார்கள். தையல்காரி மட்டும் கடைசியில் தயங்கித் தயங்கி, "அடுத்த வாரம் வகுப்பு உண்டாக்கா?" என்று கேட்டாள். பிறகு அவளும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

சமையலறையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"ஏறச் சொன்னா ஏறணும்னு நான் சொல்லித் தரல," என்றாள் நாத்தனார்.

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மாட்டேன்னு சொல்லணும்னு ஒரு வகுப்பு இருக்கு. கடைசி வாரம் வைப்பேன். அதுக்குள்ள அவனுக்கு வேல கிடைச்சிருச்சு."

"ஆமா அண்ணி. சீக்கிரமே கிடைச்சிருச்சு."

நாத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வாயத் தொறந்து திட்டிடேன். இப்படி இருக்காத."

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். கரும்பலகை, கூடமே சிரித்த சிரிப்பு, வெள்ளைச் சட்டை. ஆனால் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அது அவளே அவனுக்கு ஒத்திகை நடத்திய இந்தச் சமையலறைக்குள் புகுந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது. அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி."

"இன்னிக்கு ஒரு ராத்திரி நான் இங்க..."

"நான் இருந்துக்குவேன்."

நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனையில்தான் நிறுத்தம். ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். அவள் பார்க்கக்கூடாது என்றுதான் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். பஸ் வரும் சத்தம் கேட்டது. நின்றது. கண்டக்டர் யாரையோ ஏறச் சொல்லி அதட்டினார். விசில் கொடுத்ததும் கிளம்பி, சத்தம் தேய்ந்து மறைந்தது.

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். புழுதி இன்னும் அடங்கவில்லை. நிறுத்தத்தில் நாத்தனார் அதே இடத்தில், தோளில் பையோடு, பஸ் போன திக்கைக்கூடப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தாள். அதுதான் கடைசி பஸ்.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவள் கூப்பிடவில்லை. ஜன்னலைச் சாத்தினாள். வாசல் கதவையும் சாத்தினாள். தாழ்ப்பாளில் கை வைத்துச் சற்று நின்றவள், அதைப் போடாமலே உள்ளே போனாள்.