கிழக்குச் சுவரின் ஜன்னல்

இங்கிலாந்தின் டர்ஹாமில் அந்த நிலக்கரிச் சுரங்கத்துக்கு எஞ்சின் வீடு கட்டிய புண்ணியவான், தேவாலயம் கட்டுவதாக நினைத்துக்கொண்டானோ என்னவோ. எஞ்சினின் பாரம் தாங்க முன்சுவர் மூன்று முழக் கனம். அதோடு விட்டானா, பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய வளைவு ஜன்னல்கள் வேறு. உள்ளே இருந்தது செப்டிமஸ் மட்டும்தான்.

சுரங்கத்துக்குள் ஆட்களைக் கூண்டில் இறக்குவதும் ஏற்றுவதும் அவன் வேலை. 'எஞ்சின்காரனிடம் பேசக் கூடாது' என்று கதவில் பலகை. மனைவி செத்து ஒன்பது வருஷம்; வீட்டிலும் பேச ஆளில்லை.

திங்கட்கிழமை ஊருக்கே துணி துவைக்கும் நாள். அன்று கிழக்கு ஜன்னலுக்கு நேரே துணி உலர்த்த வருவாள் தாமசின். தம்பிக்குப் பொங்கிப் போட்டே கல்யாணம் ஆகாமல் நின்றுபோனவள். மேலே பார்த்துக் கையாட்டுவாள். அவன் எஞ்சின் பிடியிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவான். அந்த ஒரு விரலுக்காகத்தான் அவன் வாரம் முழுக்க உயிரோடு இருந்தான்.

மார்ச் மாதம் ஒரு திங்களன்று அவள் போர்வையைக் காற்று பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவள் சிரித்துக்கொண்டே துரத்த, இவனும் சிரித்துவிட்டான். திரும்பிப் பார்த்தால், கூண்டை நிறுத்தச் சொல்லிக் கயிற்றில் இருந்த வெள்ளைக் குறி எப்போதோ தாண்டிப் போயிருந்தது. பிரேக்கை மிதித்தான். உச்சிச் சக்கரத்துக்கு ஒரு முழம் கீழே நின்றது கூண்டு; மோதியிருந்தால் கயிறு அறுந்திருக்கும். உள்ளே எட்டுப் பேர். அவள் தம்பியும் ஒருவன். காற்றுதான் ஆட்டிவிட்டது என்று பேசிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கே மேனேஜர் ரிட்சனிடம் போனான்.

"கிழக்கு ஜன்னலை அடைச்சிடுங்கய்யா. கண்ணு அங்கயே போகுது."

"இந்த வயசுலயாய்யா?" ரிட்சன் சிரித்தார். "ஒண்ணை அடைச்சா வெளிய மூளியாத் தெரியுமே. முதலாளி என்னைக் கொன்னுடுவாரு."

"உள்பக்கமா செங்கல் வச்சாப் போதும். கண்ணாடி அப்படியே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்து அடைத்துவிட்டுப் போனார். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

ஒரு மாதம் கழித்துத் தாமசின் தன் வீட்டு வாசலில் அவனை மறித்தாள். "பெரிய மனுசன் ஆயிட்டீங்களாக்கும். நாலு திங்களா கை ஆட்டுறேன், ஒரு விரலைக் காணோம்."

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை.

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இப்ப சுவருங்க. நாந்தான் அடைக்கச் சொன்னேன். உங்களப் பாத்துக்கிட்டே கூண்டை அளவு மீறி ஏத்திட்டேன், அன்னைக்கு."

"காத்துன்னாங்களே?"

"காத்து இல்ல."

"என் தம்பி..."

"அதுல இருந்தான்."

அவள் வாசலிலிருந்தே தெரிந்த அந்த ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். "அடைச்சது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.