எட்டாவது தண்ணீர்

பகலில் நான் நன்றாகத்தான் நடந்தேன். இருட்டில்தான் விழுந்தேன்.

முதல் தடவை விழுந்தது விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிட்டான். அவன் ஊரில் விடிந்தால் எங்கள் மாசாய்த் தோட்டத்திலும் விடிந்துவிட வேண்டுமாம். அதனால் கோழிகூடக் கூவாத கும்மிருட்டில் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்தோம். பிறகு அவன் ராஜா இருக்கும் திக்கைப் பார்த்து இடுப்பை வளைத்து வணக்கம் வைக்க வேண்டும். குனிந்தேன். அடுத்த நொடி என் வாய் நிறைய மண். கால் இடறவில்லை, தலை சுற்றவில்லை. எனக்குக் கீழே கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

வணக்கத்தில் விழுவது அவர்களுக்குப் பெரிய அவமரியாதை. பசி மயக்கம் என்று கங்காணி கையெடுத்துக் கும்பிட்டதால் கன்னத்தில் ஓர் அறையோடு போயிற்று.

"இருட்டுல மட்டும் தள்ளுதுன்னா அது முனி வேலதான் பேச்சி. எலுமிச்சம்பழம் வெட்டிப் போடு" என்றாள் பக்கத்து வீட்டு ராஜம்மா.

முனிக்கு வேறு வேலை இல்லையா? எலும்பும் தோலுமாக இருக்கும் என்னைப் பிடித்து அது என்ன செய்யப் போகிறது? முனிக்கு நான் பயப்படவில்லை. அன்று மாலை என் மகள் சந்திரமதி அலறினாளே, அப்போதுதான் பயந்தேன்.

"அம்மா, ரத்தம்!"

வாசலிலிருந்து அடுப்புவரை சிவப்புத் தடம். ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையின் உடைந்த சில்லு ஒன்று என் உள்ளங்காலில் ஏறியிருந்தது. கிழங்குக் காட்டிலிருந்து அதோடுதான் நடந்து வந்திருக்கிறேன். பிடுங்கி எறிந்தேன். அப்போதும் வலிக்கவில்லை.

உணர்ச்சி செத்த கால் என்றால் என்ன என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பெருவியாதி, குஷ்டம். மூன்றாவது லயத்து மனோகரனுக்கு அப்படித்தான் தொடங்கியது. ஒருநாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அவன் இருக்கிறானா செத்தானா என்று கேட்கக்கூட எவருக்கும் துணிச்சல் வரவில்லை. என் புருஷன் வீரமுத்துவை ஏற்கெனவே சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னையும் ஏற்றிவிட்டால் இந்த எட்டு வயதுப் பிள்ளை யார் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரி காலி. மருந்து கட்டும் டிரெசர் தங்கராஜு மட்டும் இருந்தார். ஊசியால் என் காலைக் குத்திக் குத்தி, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. தொடையில் வெளுத்த தேமல் ஒன்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்னங்கய்யா?"

"நான் சொல்லக் கூடாதும்மா. ஜொகூர் பாருலேர்ந்து டாக்டர் வருவாரு, பத்து நாளாகும். அவரு பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

அந்தப் பத்து நாளை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. பெரட்டில் குனியும்போது ராஜம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொள்வேன். தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். வீட்டில் என் பாயைத் தனியாகப் போட்டேன். என் தட்டைத் தனியாக வைத்தேன். பிள்ளைக்குத் தலை வார ராஜம்மாவிடம் அனுப்பினேன். கிட்டே வந்தால், "போடி அந்தாண்ட" என்று விரட்டினேன். அவள் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பெருவியாதியே தேவலை.

சமையலை மட்டும் விட முடியவில்லை. ரேஷன் அரிசி தீட்டித் தீட்டிப் பல் மாதிரி வெளுத்திருக்கும், சுண்ணாம்பு வேறு கலந்திருக்கும். மற்றவர்கள் இரண்டு தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துவிடுவார்கள். நான் ஊறப்போட்டு ஏழு தண்ணீர் கழுவுவேன். லயத்திலேயே வாடையில்லாத சோறு என் வீட்டில்தான் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. கழுவிய தண்ணீரை ராஜம்மா தன் வாத்துகளுக்கு வாங்கிப் போவாள். இப்போது என் கை பட்ட அரிசியாயிற்றே, பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால்? அதனால் எட்டாவது தண்ணீரும் ஊற்றினேன்.

பதினோராம் நாள் டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த தலை. தேமலில் ஊசியால் குத்தினார். "ஆ!" என்றேன்.

"நோகுதோ? நல்லது. இது வெறும் தேமல்."

முழங்காலுக்குக் கீழே கை விளிம்பால் தட்டினார். கால் மரக்கட்டையாகக் கிடந்தது. பிறகு எழுந்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். அவர் தோளில்தான் போய் விழுந்தேன்.

"கண் பாக்கிற வரைக்கும்தான் உம்மட கால் நிக்குது. அதுதான் இருட்டில விழுறீர்" என்றார். "அரிசியை எத்தினை தரம் கழுவுறனீர்?"

"ஏழு தண்ணி. இப்ப எட்டுங்கய்யா" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருந்த கொஞ்சச் சத்தையும் கழுவி ஊத்திப் போட்டீர். இது பெருவியாதி இல்லை, பெரிபெரி. ஆருக்கும் ஒட்டாது. தவிடு கிடைச்சா வறுத்துத் தின்னும், பயறு கிடைச்சா விடாதையும்."

அழுதேன். வெட்கமில்லாமல் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். ஓடத்தான் ஆசை. ஓட முடியாமல், தரையைப் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்து வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் உட்கார்ந்திருந்தவளை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பத்து நாளாகத் தொடாத தலையை மோந்தேன். அவள் விறைத்துக்கொண்டாள்.

"பெருவியாதி இல்லடி. ஒட்டாதாம். லாரி வராது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப நானும் சொல்லலாமாம்மா?"

"என்னத்தடி?"

"என் கால்லயும் எறும்பு ஊருது. கிள்ளுனா தெரிய மாட்டேங்குது."

"எத்தன நாளா? ஏண்டி சொல்லல?"

"நீயும்தான் சொல்லல. என்னய லாரியில ஏத்திட்டா நீ தனியா இருப்பியே."

அவளிடமிருந்து பாயைப் பிரித்தேன், தட்டைப் பிரித்தேன். சோற்றுப் பானையை மட்டும் நான் பிரிக்கவில்லை. அந்த எட்டாவது தண்ணீரை இவளுக்காகத்தான் ஊற்றினேன்.

அவளை இறக்கி நிற்க வைத்தேன். இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு எதிரே முட்டி போட்டேன்.

"கண்ண மூடு கண்ணு."

நல்ல வெயில். அவள் மூடினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். மூன்று சொல்வதற்குள் என் கைக்குள் விழுந்துவிட்டாள்.