வேற வெங்காயம்

செய்முறைத் தேர்வில் வெங்காயத் தோலைப் பார்த்து வரையச் சொன்னால், வகுப்பில் யாரும் உண்மையில் பார்ப்பதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கியின்மேல் குனிவார்கள், அது மரியாதைக்கு. பிறகு நிமிர்ந்து, புத்தகத்தில் இருப்பதை அப்படியே போடுவார்கள். செங்கல் சுவர் மாதிரி வரிசை வரிசையாகச் செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஆணி அடித்ததுபோல ஓர் உட்கரு. நானும் அதற்கே மதிப்பெண் போட்டுவந்தேன்.

ஆமை மட்டும் பார்ப்பாள். அது கூடப் படிக்கிறவர்கள் வைத்த பெயர். வரைய உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். அவள் படத்தில் செல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கோணலாக இருக்கும். உட்கரு ஓரமாக ஒதுங்கியிருக்கும், சிலவற்றில் தெரியவே தெரியாது. தோல் மடிந்த இடம், கண்ணாடிக்கடியில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ், அதன் தடித்த கறுப்பு விளிம்பு, எதையும் விடமாட்டாள். முதல் தடவை அவள் படத்தைப் பார்த்துவிட்டு, வகுப்பு கலைந்த பின் நானே குனிந்து பார்த்தேன். அவள் போட்ட இடத்தில் எல்லாம் இருந்தது. நான் உரித்து, சாயம் போட்டு, தயார்செய்து வைத்த தோலை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

ஆனால் அரையாண்டுச் செய்முறைத் தேர்வில் அவள் தேறவில்லை. பாதி வெங்காயம் வரைவதற்குள் மணி அடித்துவிட்டது. மற்ற கேள்விகளைத் தொடவே இல்லை.

அவள் அம்மா தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடாவோடு நேராக ஆய்வகத்துக்கே வந்து, ஒரு சட்டைத் துணியை மேசைமேல் விரித்தார். முதுகுப் பக்கம் முழுக்க, அளவு குறிக்கும் சாக்கட்டியால் வரைந்த வெங்காயச் செல்கள்.

"நாளைக்கு சட்டை வாங்க வர்றவர்கிட்ட இத என்னன்னு சொல்லட்டும், டீச்சர்? டிசைன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. பென்சில், தாள் எல்லாவற்றையும் கடை அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்றாம். ஆண்டுத் தேர்வில் தேறினால் சாவி, இல்லாவிட்டால் வரைவது என்பதே இனிக் கிடையாது. அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது துணியை மடித்து எடுத்துப்போன விதத்திலேயே தெரிந்தது.

ஆமையைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். புத்தகப் படம் சீக்கிரம் முடிந்துவிடும், மிச்ச நேரத்தில் மற்றதை எழுதலாம் என்று பொறுமையாகச் சொன்னேன். அவளும் பொறுமையாகக் கேட்டாள்.

"அது வேற வெங்காயம், டீச்சர்."

"அன்னைக்கு ஒரு நாள் அதுவே இருந்துட்டுப் போகட்டுமே."

தலையாட்டினாள்.

ஆண்டுத் தேர்வன்று மணி அடிக்குமுன்பே எல்லாக் கேள்விகளையும் முடித்து, தாளைக் கொடுத்துவிட்டாள். நான் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரத்தில், வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என்னைக் கூப்பிட்டார். அழகான செங்கல் சுவர். அதற்குக் கீழே பென்சிலில், "இது புத்தகத்தில் உள்ளது. கண்ணாடிக்கடியில் இருப்பது வேறு" என்று எழுதியிருந்தாள்.

"என்ன டீச்சர், கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி எழுதியிருக்கு?" என்றார். பார்த்து வரையவில்லை என்று அவளே எழுதிவிட்ட படத்துக்கு மதிப்பெண் போட முடியாது, போடாவிட்டால் பெண் தேறாது என்று கணக்குச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். பென்சில்தானே, அழித்துவிட்டால் முடிந்தது.

ஆமை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்த ரப்பரைத் திரும்ப வைத்துவிட்டேன்.

"நான்தான் சார் அப்படிப் போடச் சொன்னேன். அவ எழுதினது நிஜம். நீங்களே ஒரு தடவ பாருங்க."

கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியின்மேல் குனிந்தார். திருகைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். மரியாதைக்குக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"குமிழ் ஒண்ணு இருக்கே" என்றார், குனிந்தபடியே. "ஏம்மா, மணி அடிக்க இன்னும் நேரம் இருக்குல்ல? உட்காரு. இதப் போடு."

அதே தாளில், எழுதியிருந்ததற்குக் கீழே அவள் ஆரம்பித்தாள். மணி அடித்தபோது நாலைந்து செல்களும் அரைக் குமிழும்தான் ஆகியிருந்தன. தேர்வாளர் மேலே இருந்த முழுப் படத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே இருந்த அரைகுறைப் படத்துக்கு மதிப்பெண் போட்டார். முழுதாக இல்லை, தேறுகிற அளவுக்கு.

மறுநாள் அவள் அம்மா அலமாரிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டார். கூடவே எனக்கு ஒரு சேதி: துணியில் மட்டும் கூடாது. ஆமை பென்சில் பெட்டியோடு ஆய்வகத்துக்கு வந்து, மிச்சக் குமிழைப் போட வேண்டும் என்றாள். நேற்றைய கண்ணாடித் தகட்டை எடுத்துக் கொடுத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"காஞ்சு சுருங்கிடுச்சு, டீச்சர். குமிழக் காணோம். இப்ப இதுவும் வேற வெங்காயம்."

வேறு தோல் உரித்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை. புதுத் தாளில் சுருக்கங்களைப் போட ஆரம்பித்திருந்தாள். நான் ஆய்வகத்தைப் பூட்டக் கையில் எடுத்திருந்த பூட்டையும் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.