ஒரே பைக்குள் அடங்கினால்

வள்ளிக்கண்ணு மெட்ராஸ் பேச்சை எடுத்தால் போதும், அவள் வீட்டுக்காரர் வீரமலையிடம் பதில் தயாராக இருக்கும். "பொம்பளைங்களைக் கூட்டிட்டுப் போறதுன்னா பின்னாலேயே ஒரு லாரி வரணும்." சொல்லிவிட்டு, பெரிய தீர்ப்பு வழங்கியவர் மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

அவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி. குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில். வியாபார விஷயமாக மாதம் ஒருமுறை மெட்ராஸ் கொத்தவால் சாவடிச் சந்தைக்குப் போய்விட்டு வருவார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் வள்ளிக்கண்ணு வடக்கே போனது பிறந்த ஊரான துறையூர் வரைக்கும்தான். தெற்கே போனது காந்தி மார்க்கெட் வரைக்கும். கடலைக் காலண்டரில் பார்த்ததோடு சரி. காலண்டர்காரன் நீலத்தைக் கொஞ்சம் அள்ளிப் பூசிவிட்டான் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். நேரில் போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது சின்ன ஆசை இல்லை, நெஞ்சை அரிக்கிற ஆசை.

லாரி வேண்டும் என்று சொன்னாரே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் துறையூரில் எட்டுப் பேருக்கு ஒரே டிரங்குப் பெட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவள். தெருவில் யார் பிரயாணம் கிளம்பினாலும் துணி அடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். இந்த மனுஷன் மட்டும், நாலு நாள் போய்வர ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளும் கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு, லாரியைப் பற்றிப் பேசுவார்.

அறுபத்திரண்டாம் வருஷம் மண்டிக்கு அடுத்த கடை கியாசுதீன் பாய் சிங்கப்பூர் போய்விட்டு வந்து, வீரமலைக்கு ஒரு ஜிப் வைத்த பை கொடுத்தார். கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். தலையணையைவிடக் கொஞ்சம் பெரிது.

"இந்தப் பை போதுங்க. நானும் வரேன்" என்றாள் வள்ளிக்கண்ணு.

வீரமலை பையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "என் துணி, உன் துணி ரெண்டும் இந்த ஒரே பைக்குள்ள அடங்கட்டும். கூட்டிட்டுப் போறேன்."

"வாக்கு மாற மாட்டீங்களே?"

"வீரமலை வாக்கு மாறினதா மார்க்கெட்டுல ஒருத்தன் சொல்லட்டும்."

"சரி. முதல்ல நீங்க பெட்டியில கொண்டு போறதையெல்லாம் இதுல அடக்கிக் காட்டுறேன். அப்புறம் பேசிக்கலாம்."

அன்று மாலையே உட்கார்ந்தாள். வேட்டிகளை நாலாக மடித்து, காற்றுப் போக உள்ளங்கையால் நீவி, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டினாள். பனியன்களைச் சட்டைக் கைக்குள் நுழைத்தாள். சட்டைக் காலர் நசுங்காமலிருக்க ஒவ்வொரு காலருக்குள்ளும் ஒரு கைக்குட்டைச் சுருள். மூலைகளில் துண்டு. மிச்சமிருந்த இண்டு இடுக்கெல்லாம் கோவணத்துணிக்கு. கடைசியில் போர்வையை மேலே போட்டு, முழங்காலால் அமுக்கி, ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பை மூடிக்கொண்டது. தட்டினால் கட்டை மாதிரி சத்தம் கேட்டது. வீரமலை அதை எடுத்துக்கொண்டு ரயிலேறினார்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அழுக்குத்துணி எடுக்கலாம் என்று வள்ளிக்கண்ணு பையைத் திறந்தாள்.

அவள் சுருட்டிய வேட்டிகள் அவள் சுருட்டியபடியே இருந்தன. ஒரு கைக்குட்டைகூட இடம் மாறவில்லை. கொடியில் தொங்கிய, அவர் கட்டிக்கொண்டு போன வேட்டியை எடுத்துப் பார்த்தாள். துவைத்திருந்தது. மோந்தாள். சந்தன வாசனை. தன் கைக்குட்டையைக்கூட ஒரு நாளும் அலசியறியாத மனுஷன்.

பக்கத்து வீட்டு இருசம்மாளிடம் போய்ச் சொன்னாள். இருசம்மாள் நிதானமாக யோசித்துவிட்டு, "சந்தன சோப்புல வேட்டி துவைக்கிறாளா? அப்ப வசதியானவதான்" என்றாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தது வள்ளிக்கண்ணுவின் தப்பு.

வீரமலை சாப்பிட உட்கார்ந்தார். சோறு ஒரு கரண்டிதான் விழுந்தது. குழம்பு வரவில்லை.

"உங்க வேட்டிய யாரு துவைச்சா?"

வீரமலைக்குக் காது சிவந்தது. "லாண்டரியில போட்டேன்."

"எந்த லாண்டரியில சந்தன சோப்புப் போடுறான்?"

"சரி, நான்தான் துவைச்சேன். போதுமா?"

முதல் பொய்யையாவது நம்பியிருப்பாள். இதை எப்படி நம்புவது? "நீங்களா? சாப்பிட்டது போதும். எழுந்திரிங்க. எனக்குத் துவைச்சுக் காட்டுங்க."

மண்டியில் இருபது பேரை அதட்டுகிற வீரமலை, கையைக் கழுவிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மதில் மேல் இருசம்மாளின் தலை தெரிந்தது. அவர் மாடத்திலிருந்த குளியல் சோப்பை எடுத்தார். துவைக்கிற கல்லை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேட்டியை மடியில் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போல முதலில் முதுகு, பிறகு வயிறு என்று நுரை போட்டுத் தடவினார். அப்புறம் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினார். தண்ணீரெல்லாம் அவர் மேலேயே கொட்டியது.

வள்ளிக்கண்ணுவின் சந்தேகம் அங்கேயே செத்துப்போனது. எந்தப் பொம்பளையும் இவருக்கு இப்படித் துவைக்கச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. இருசம்மாளின் தலையும் ஏமாற்றத்தோடு கீழே இறங்கியது.

"பை நிறைய வேட்டிய வச்சுக்கிட்டு ஏங்க இந்தக் கூத்து?"

"திறந்தேன் வள்ளி. லாட்ஜுக்குப் போனதுமே திறந்தேன். நாலு விரக்கடை ஜிப்பை இழுக்கிறதுக்குள்ள ஒரு துண்டு தானா எட்டிப் பார்த்துச்சு. பின்னாலேயே போர்வை. பயமாயிடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்து மூடிட்டேன். எல்லாம் வெளிய வந்துட்டா யாரு உள்ள வைக்கிறது? அதுக்கு நீதானே வேணும்?" ஈர வேட்டியைப் பிடித்தபடி அவர் நின்றார். "தினம் சாயங்காலம் வேட்டிய அலசிப் போட்டுட்டு, காயுற வரைக்கும் தோள்ல கிடந்த துண்டோட உட்கார்ந்திருந்தேன். சாவடிக்காரங்க பார்க்க வந்தப்ப உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன்."

வள்ளிக்கண்ணு சிரிப்பை முந்தானையால் அடக்கிக்கொண்டாள். சிரிப்புக்கு நடுவில் கண்ணும் கலங்கியது. நீ வேணும் என்று இந்த மனுஷன் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. அது ஒரு பையைப் பற்றித்தான் என்றாலும் அவளுக்கு இனித்தது. உள்ளே போய்க் குழம்பைச் சூடு பண்ணினாள்.

"அப்ப அடுத்த மாசம் நானும் வரேன்" என்றாள் பரிமாறும்போது.

வீரமலைக்குச் சோறு இறங்கியதும் பழைய தெம்பு வந்துவிட்டது. "வாயேன். ஆனா சொன்னது சொன்னதுதான். ரெண்டு பேர் துணியும் ஒரே பைக்குள்ள அடங்கணும்."

"அடங்கும்."

அடுத்த மாதம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு ஒரே பையோடுதான் வந்தாள். கூலியாளும் இல்லை, படுக்கைச் சுருளும் இல்லை. வீரமலை பையைத் தூக்கிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். போன தடவை மாதிரி கட்டையாக இல்லை, மெத்தென்று இருந்தது. அவருக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது. எதிர் சீட்டுக்காரரிடம், "நாலு நாளுக்குப் புருஷன் பெண்டாட்டி துணி மொத்தமும் இதுக்குள்ள இருக்கு" என்றார். அவர் நம்பவில்லை.

வண்டி கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும், நம்பாதவருக்குக் காட்டுவதற்காக வீரமலையே ஜிப்பை இழுத்தார். ஒன்றும் எகிறவில்லை. மேலே ஒரு பச்சைப் புடவை. அதன்கீழ் மாம்பழ மஞ்சள். அதற்கும் கீழ் ஒரு பட்டு. ஓரங்களில் ரவிக்கைகள். அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

"வள்ளி, என் வேட்டி எங்க?"

வள்ளிக்கண்ணு ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "இடுப்புல இருக்கே. நாலு நாளைக்கு அது ஒண்ணு போதும்னு நீங்கதானே காட்டினீங்க."