கீழே நின்று போட்ட டிக்

துபாயில் கூரைக்குள் பனிமலை கட்டி வைத்திருக்கிறார்களே, அங்கேதான் எனக்கு வேலை. காலையில் கதவு திறக்கும் முன், கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலி லிஃப்டில் உச்சிக்குப் போக வேண்டும். கைதேர்ந்தவர்கள் மட்டும் சறுக்கும் செங்குத்துச் சரிவை இரும்புக் கம்பியால் பத்து இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி இறங்கினால் தாளில் டிக். இறங்காவிட்டால் பனி கண்ணாடியாக இறுகிவிட்டது என்று அர்த்தம்; சிவப்புக் கயிறு கட்டி மூட வேண்டும்.

எனக்கு உயரம் என்றாலே கால் நடுங்கும். ஆனால் இன்டர்வியூவில் எதைக் கேட்டாலும் "நோ ப்ராப்ளம் சார்" என்று சொல்லும்படி ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சொன்னேன். ஆறு மாதமாகக் கீழே நின்றே டிக் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டிக் போட்டு, கதவும் திறந்த பிறகு மிஷின் ரூம் பொன்னுச்சாமி வந்தார்.

"மாப்ள, விடியக்காலம் கூலிங் மூணு மணி நேரம் நின்னுபோச்சு. பனி மேலாக்க உருகி, திரும்ப உறைஞ்சு கெடக்கு. வெள்ளக்காரன் ஊர்ல குளிர்காலம் முடியிறப்ப மலையில இப்படித்தான் ஆகுமாம். அதுல எறங்குனா எலும்பு மிஞ்சாதுன்னு சறுக்கக் கத்துக்குடுக்குற கோச்சு சொல்றான். நீ மூடிட்டீல்ல?"

நிமிர்ந்தால், லிஃப்ட் நாற்காலியில் ஹிஃப்ஸா போய்க்கொண்டிருக்கிறாள். மீனா பஜார் ஜவுளிக்கடை மக்தூம் பாயின் மகள். பதினாலு வயது. வெள்ளிதோறும் அந்தச் சரிவில் முதலில் இறங்குபவள்.

லிஃப்டை நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அப்போதும் என் மண்டைக்குள் விசாதான் ஓடியது, வெட்கக்கேடு. ஓடிப்போய் ஒரு லிஃப்ட் நாற்காலியில் விழுந்து, அதன் கம்பியைக் கட்டிக்கொண்டேன்.

மேலே அவள் விளிம்பில் நின்றிருந்தாள்.

"ஹிஃப்ஸா, எறங்காதம்மா!"

மிஷின் இரைச்சல். "கேக்கல அங்கிள்! கீழ போய் பேசலாம்!"

குதித்து ஓடினேன். இரண்டே எட்டு. கால் வாரிவிட்டது. அவளைத் தாண்டி, பிடிமானமே இல்லாமல் சரிவில் வழுக்கிக்கொண்டு போனேன். செத்தோம் என்றே நினைத்தேன். அடியில் கட்டியிருந்த தடுப்பு வலையில் மோதி மணிக்கட்டு முறிந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஹிஃப்ஸா லிஃப்ட் தூணைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். இறங்கவில்லை.

சூப்பர்வைசர் நுஃமான் ஓடிவந்து தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார்.

"செக் பண்ணப் போயா விழுந்த, கார்மேகம்? தெனமும் இதுலயா ஏறி எறங்குற?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தப்பிவிடும். பல் தந்தியடித்தது.

"இல்ல சார். இன்னிக்குத்தான் மொத தடவ மேல போனேன்."