தளர்த்திக் கட்டிய சட்டம்

பிறக்கப்போகும் தன் பிள்ளைக்கு மாரிமழை தொடங்குமுன் போர்வை தைத்துவிட வேண்டும் என்று தங்கப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். அவளிடம் இருந்தவை மூன்று பழஞ்சேலைகள்தான். அடுக்கித் தைத்தால் அடிச்சேலை சுருண்டுகொண்டது.

"அப்பா, இழுத்துப் பிடிக்கச் சட்டம் ஒண்டு கட்டித் தாங்க."

"துணிக்குச் சட்டமா? ஆரு சொன்ன கதை இது?"

வாவியில் மீன் பிடிக்கும் அப்பா வீரக்குட்டிக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் என்னதான் ஆகும் என்று பார்க்கும் ஆசை விடவில்லை. நாலு மூங்கிலைப் பிணைத்து, வலைநூலால் சேலைகளைப் பறைத்தோல்போல் விறைப்பாகக் கட்டினார். ஊசி சிரமப்பட்டே இறங்கியது. கட்டை அவிழ்த்ததும் தைத்த இடமெல்லாம் சுருங்கியது.

"நான் சொன்னனே, உதவாதெண்டு."

"இப்பிடி இழுத்துக் கட்டினது ஆரு? வலையையும் இப்பிடியா கயித்தில கட்டுவீங்க?"

வீரக்குட்டி அவிழ்த்த வலைநூலைக் கையில் எடுத்தார். வலையைத் தொய்வாகத்தான் கட்டுவார். விறைப்பாகக் கட்டினால் வாவிமீன் முட்டித் திரும்பிவிடும், சிக்காது. துணிக்கும் அதே கணக்கா? உள்ளங்கை வைத்தால் சற்றுப் பள்ளம் விழும்படி மறுபடி கட்டினார்.

"இப்ப குத்து, பாப்பம்."

ஊசி மூன்று சேலையையும் கோத்துக்கொண்டு மேலே வந்தது. ஒரு மூலையை அவிழ்த்துப் பார்த்தும் சுருக்கம் விழவில்லை. அடிப்பக்கம் எப்படி வருகிறதென்று பார்க்க, வீரக்குட்டி சட்டத்துக்குக் கீழே மல்லாந்து படுத்தார்.

"அப்பா, தலையை எடுங்க. மூக்கையும் சேத்துத் தைச்சிருவன்."

"நீ தை. நான் பாக்கோணும்."