முறத்தில் பறக்கிறவள்

கால்களுக்குக் கீழே எதுவுமில்லை, இடுப்பின் இரண்டு பக்கமும் கயிறு இறுக்குகிறது, பின்னால் சுவர் முழுக்கப் பச்சைத் துணி, முன்னால் ஒரு பெரிய மின்விசிறி என் முந்தானையைப் பறக்கவைத்துக்கொண்டிருக்கிறது, ஒரு முறத்தின் மேல் சம்மணமிட்டு நான் சாலிகிராமத்து ஸ்டுடியோவின் கூரைக்கடியில் தொங்குகிறேன், தரையில் நாலு வயது நித்திலா இரண்டு கைகளையும் மேலே விரித்தபடி நான் ஆடுகிற பக்கமெல்லாம் நகர்ந்துகொண்டிருக்கிறாள், பயப்படாதம்மா, விழுந்தா நான் புடிச்சுக்குறேன், கயிறு பிடிக்கிற ஆட்கள் சிரிக்கிறார்கள், அப்ப நாங்க எதுக்கு பாப்பா, டீ குடிக்கப் போயிடவா, என்கிறார்கள், அவள் சிரிக்கவில்லை, கழுத்து வலிக்க அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் கைகள் இருந்ததால் எனக்கு அன்று உயரமே தெரியவில்லை, அல்லது இப்போது படுத்துக்கொண்டு நினைக்கும்போது அப்படித் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் நான் முறத்தக்கா, பால் பாக்கெட் திருடனையும் தெருநாயைக் கல்லால் அடிக்கிறவனையும் வானத்திலிருந்து இறங்கி முறத்தாலேயே மொத்துகிறவள், முறத்தால் புலியை விரட்டிய பெண்ணைப் பாடத்தில் படித்திருந்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடித்துப்போனது, காய்கறிக் கடையில்கூட அக்கா ஒரு தடவ பறந்து காட்டுங்க என்று புடவையைப் பிடித்து இழுப்பார்கள், பிறகு தொடர் நின்றது, நித்திலாவின் அப்பா போனார், பத்து வருஷம் கழித்து அதே முறத்தோடு மறுபடி கூப்பிட்டபோது என் இடுப்பு கயிறு மாட்டுகிற அந்தப் பழைய வாருக்குள் நுழையவில்லை, அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது மீசை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் இணையத்தில் எழுதுகிறார்கள், முறத்துப் பாட்டி வந்துட்டாங்க டோய், அந்தக் கயித்துக்கு ஒரு அவார்டு குடுங்கடா, பாட்டி எறங்குனா பூகம்பம்டா.

திங்கட்கிழமை காலை, கேமராவுக்குச் சூடம் காட்டி முடித்ததும் எல்லோரும் பொங்கல் தட்டோடு டைரக்டர் தாமோதரனைச் சுற்றி உட்காருவது வழக்கம், நேற்றைய பகுதியைப் பார்த்துவிட்டு ரசிகர்கள் போட்ட வீடியோக்களை அவர் போனில் ஓடவிடுவார், அதில் எங்கே சிரிக்கிறார்களோ அது அடுத்த வாரம் கதையில் பெரிதாகும், அப்படித்தான் ஒரு திங்களன்று அந்தப் போனில் ஒரு முகமூடிப் பெண் வந்தாள், நான் கீழே இறங்கித் தடுமாறுகிற இடத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி விழவைத்து, பாருங்க, பலாப்பழம் விழுற மாதிரியே இல்ல, என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள், சிரிப்பின் நடுவில் மூச்சு வாங்கும்போது ஒரு சின்ன விக்கல், தாய்ப்பால் புரையேறிய நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விக்கல், முகத்தில் கட்டியிருந்தது முறத்தக்காவாக முதல் நாள் நான் கட்டிய சிவப்பு முகமூடி, பீரோவின் அடித்தட்டில் பட்டுப்புடவைக்குக் கீழே நான் மடித்து வைத்திருந்தது. அந்த மாஸ்க் நம்ம பழைய செட்டு மாதிரியே இருக்கே மேடம், கடையில விக்கிறாங்களா, என்று உடை தைக்கிறவர் கேட்டார், இருக்கும், என்றேன், எல்லோரும் சிரித்தார்கள், யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று எல்லோரையும்விடச் சத்தமாக நானும் சிரித்தேன்.

ராத்திரி தோசை வைக்கும்போது, யாருடி அந்த முகமூடிப் பொண்ணு, பாத்தியா, என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், பாத்தேன், உன்ன ரொம்ப ஓட்டுறால்ல, பாவம், என்றாள், இன்னொரு தோசை வேண்டும் என்றாள், நான் வார்த்தேன், அவளுக்குப் பிடித்த மாதிரி ஓரம் முறுகலாக. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் அறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு முறை, ஒரே ஒரு முறை, நான் விழும்போது அவள் சிரிக்காமல் இருந்தால் போதும் என்று, அவளோ, டைரக்டர் அங்கிள், பாட்டிய ஒரு தடவ மாடிலேர்ந்து தள்ளிவிடுங்களேன், ப்ளீஸ், என்கிறாள், அடுத்த திங்களே தாமோதரன் கையைப் பிசைகிறார், பப்ளிக் கேக்குது மேடம், கீழ மெத்தை போட்டுக்கலாம்.

முடியாதென்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, ஆனாலும் வீட்டுக்கு வந்து அவளைத்தான் கேட்டேன், மாடியிலேர்ந்து விழச் சொல்றாங்க நித்தி, வேணாம்னு சொல்லிடவா, பல நாளுக்குப் பிறகு அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள், எழுந்து வந்து என்னை ஒட்டி உட்கார்ந்து தோளில் கையை வைத்தாள், செய்ம்மா, உன்னால முடியும், உன்ன மாதிரி யாருக்கு வரும், என்றாள், அந்தக் கையின் சூட்டுக்காகத்தான் ஏறினேன், மேலே போனதும் கீழே பார்த்தேன், விரித்த கைகள் எங்கேயும் இல்லை, வலது கயிறு நழுவியது, மெத்தை இடது பக்கம் கிடந்தது, முறம் எனக்கடியில் நொறுங்கிய சத்தம் கேட்டது, அதற்கப்புறம் கேட்டது கைதட்டல், நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்று ஞாயிறு, இடுப்பில் கயிற்றுக்குப் பதில் தடித்த பெல்ட், எலும்பை இழுத்துப் பிடிக்கக் காலிலிருந்து வீட்டுக் கட்டிலுக்கு வெளியே ஒரு எடை தொங்குகிறது, நான் விழுந்ததையே, ஸ்பிரிங் துள்ளுகிற சத்தம் சேர்த்து, இன்றைய பகுதியில் போட்டிருக்கிறார்கள், பக்கத்து அறையில் தொடரின் பாட்டு முடிகிறது, திருடன் ஓடுகிறான், நான் முறத்தில் ஏறுகிறேன், இதோ, இப்போது, சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், சத்தமில்லை, சிரிப்பில்லை, மூச்சுவிடுகிற ஓசைகூட இல்லை, என் கண்ணோரம் ஈரமாகிக் காதுக்குள் வழிகிறது, போதும் நித்தி, இது போதும்.

கதவு திறக்கிறது, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள், நீ விழுறதுக்கு முன்னாடியே நிறுத்தி வச்சிருக்கேம்மா, என்கிறாள், மூச்சிரைக்க, நீயும் நானும் சேர்ந்து பாக்கப்போறோம், இன்னிக்கு மாஸ்க்கைக் கழட்டிட்டு நான்தான் உன் பொண்ணுன்னு சொல்லப்போறேன், வியூஸ் பிச்சிக்கும்மா. கட்டிலுக்குப் பின்னால் என் பச்சைப் புடவையை இழுத்துக் கட்டுகிறாள், விளக்கை என் பக்கம் திருப்புகிறாள், முகமூடியை அவிழ்க்கிறாள், உள்ளே அந்த நாலு வயது முகம் அப்படியே இருக்கிறது, இரண்டு கைகளையும் மேலே உயர்த்துகிறாள், கைகளுக்கு நடுவில் போன், கண்ணிமைக்காமல் என்னையே பார்த்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்கிறாள், திரைக்குள் நான் எங்கே அடங்குவேன் என்று பார்த்துக்கொண்டு, பயப்படாதம்மா, சும்மா சிரி. நான் சிரிக்கிறேன், நடுவில் மூச்சு வாங்குகிறது, அந்தச் சின்ன விக்கல் என்னிடமும் இருந்திருக்கிறது, சூப்பர்ம்மா, இன்னொரு தடவ, என்கிறாள், கால்களுக்குக் கீழே எதுவுமில்லை.